தேர்த்தட்டில் அமர்ந்த வீரன்

ஸ்ரீமத் பகவத்கீதையின் முதல் அத்தியாயத்தைப் பாராயணம் செய்வோர், அர்ஜுனன் தன் உடல்நிலையைப் பற்றிக் கூறும் பகுதியை விரைவாகக் கடந்துவிடுவது வழக்கம். உபதேசத்திற்கு முன் வரும் முகவுரையாகவே அது கருதப்படுகிறது. ஆனால் மருத்துவம் பயின்ற ஒருவர் 29, 30-ஆம் சுலோகங்களில் சற்று நின்றுவிடுவார். அவயவங்களின் தளர்ச்சி, வாய் வறட்சி, நடுக்கம், மயிர்க்கூச்சு, தோலில் எரிச்சல், பிடி நழுவுதல், நிற்க இயலாமை, தலை சுழலுதல் என்று வியாச பகவான் அங்கே அடுக்குபவை யாவும், இன்று மனநல மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் நாள்தோறும் கேட்கப்படும் புகார்களே. அத்தியாயத்தின் இறுதியில் அந்த மாவீரன் வில்லையும் அம்பையும் போட்டுவிட்டுத் தேர்த்தட்டில் அமர்ந்துவிடுகிறான்.

அர்ஜுனனுக்கு வந்தது பதற்ற நோய் என்று கூறிவிடக் கூடாது. உற்றாரைக் கொல்ல நேர்ந்த ஒருவனின் துயரமும் தர்ம சங்கடமும் அவனுடையவை; அவற்றிற்குக் காரணம் கண்ணெதிரே அணிவகுத்து நின்றது. ஆயினும் அடுத்து நிகழ்ந்தது கூர்ந்து நோக்கத்தக்கது. இரண்டாம் அத்தியாயத்தின் 2, 3-ஆம் சுலோகங்களில் பகவான் அவனைக் கடிந்துகொள்கிறார். கோழைத்தனத்திற்கு இடம் கொடாதே, எழுந்திரு என்பது அதன் சாரம். புகழ்பெற்ற உபதேசம் அது. சுவாமி விவேகானந்தர் அதைப் பெரிதும் போற்றினார். உறங்கிக் கிடந்த ஒரு தேசத்தை எழுப்ப அதைவிடப் பொருத்தமான சொல் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்தக் கண்டிப்பைக் கேட்டவுடன் அர்ஜுனன் எழுந்து நின்றானா? இல்லை. அவன் தன் குழப்பத்தை மீண்டும் விவரிக்கிறான், சீடனாகச் சரணடைகிறான், பின்னர் 9-ஆம் சுலோகத்தில் போரிட மாட்டேன் என்று சொல்லி மௌனமாகிவிடுகிறான்.

கண்டிப்பு பலிக்கவில்லை. அதற்குப் பிறகே பகவான் முகத்தில் புன்முறுவல் அரும்புகிறது. பதினோராம் சுலோகத்தில் உண்மையான உபதேசம் தொடங்குகிறது. அது பதினெட்டாம் அத்தியாயம் வரை நீள்கிறது. இடையில் சீடன் கேட்கிறான், ஐயுறுகிறான், முரண்படுகிறான், அஞ்சி நடுங்கவும் செய்கிறான். ஆசான் ஒவ்வொன்றிற்கும் விடையளிக்கிறார்.

பதற்ற நோயால் துன்புறும் ஒருவருக்கு வீட்டாரும் நண்பர்களும், சில சமயம் சத்சங்க அன்பர்களும் கூறுவது பெரும்பாலும் அந்த மூன்றாம் சுலோகத்தோடு நின்றுவிடுகிறது. “தைரியமாக இருங்கள், வீணாகக் கவலைப்படாதீர்கள், பகவான் மேல் பாரத்தைப் போடுங்கள்.” சொல்பவரின் அன்பில் குறையில்லை. கேட்பவரோ, தம்மிடம் நம்பிக்கை போதவில்லை, பக்தி போதவில்லை என்ற புதிய சுமையையும் ஏற்றுக்கொண்டு இன்னும் ஆழமாகத் தேர்த்தட்டில் அமர்ந்துவிடுகிறார்.

அச்சம் ஒரு பாவமா?

உபநிடதம் அவ்வாறு கூறவில்லை. பிருஹதாரண்யக உபநிடதத்தின் படைப்பு வரலாற்றில், ஆதியில் தனித்திருந்த அந்த முதற் புருஷனே அச்சமுற்றான் என்று வருகிறது. தனியே இருப்பவன் அஞ்சுவது அதனால்தான் என்றும் உபநிடதம் விளக்கம் தருகிறது. பின்னர் அவன், அஞ்சுவதற்கு இரண்டாவதாக ஒரு பொருளே இல்லையே என்று ஆராய்ந்து தெளிகிறான். அச்சம் முதலில் வந்தது, ஆராய்ச்சி அதன்பின் வந்தது. அச்சமுற்றதற்காக எவரும் அவனை இழித்துரைக்கவில்லை.

உடலியல் நோக்கிலும் அச்சம் ஒரு குற்றமன்று; அது ஒரு காவல். ஆபத்து நேரும்போது உடல் போரிடவோ ஓடவோ தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்கிறது என்பதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பின் வடிவில் அமைந்த அமிக்டலா என்னும் பகுதி எச்சரிக்கை தருகிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. கால்களுக்கு இரத்தம் தேவை. ஆகவே இதயம் படபடக்கிறது. செரிமானம் அப்போது தேவையில்லை. ஆகவே உமிழ்நீர் வற்றி வாய் உலர்கிறது, வயிறு பிசைகிறது. தசைகள் முறுக்கேறுவதால் நடுக்கம் உண்டாகிறது. மூச்சு வேகமாகி, இரத்தத்தில் கரியமில வாயு குறையும்போது தலை சுற்றுகிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. புலி எதிரே நின்றால் இவை அனைத்தும் உயிர்காக்கும் ஏற்பாடுகளே.

புலி இல்லாதபோதும் அந்த எச்சரிக்கை மணி ஒலிப்பதும், ஒலித்தது நிற்காமல் தொடர்வதும், அதனால் ஒருவருடைய தொழிலும் குடும்ப வாழ்வும் முடங்குவதுமே நோய். மருத்துவர்கள் இதில் பல வகைகளைக் காண்கின்றனர். எதைப் பற்றியேனும் ஓயாமல் கவலை அரித்துக்கொண்டிருப்பது ஒரு வகை. அது ஆறு மாதங்களுக்குக் குறையாமல் பெரும்பாலான நாட்களில் நீடித்து, உறக்கமின்மை, களைப்பு, தசையிறுக்கம் ஆகியவற்றோடு சேர்ந்திருந்தால் பொதுப் பதற்ற நோய் என்கின்றனர். திடீரென்று பேரலைபோல் எழுந்து, பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை அடைந்து தணியும் பீதித் தாக்கு மற்றொன்று. பிறர் முன் பேசவும் உண்ணவும்கூட அஞ்சும் சமூக அச்சம், கூட்டத்தையும் அடைபட்ட இடங்களையும் விட்டு விலகச் செய்யும் அச்சம், உயரம், இரத்தம், நாய் போன்ற ஒரே பொருளைப் பற்றிய அச்சம் ஆகியவையும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2019-இல் உலகெங்கும் சுமார் 30 கோடிப் பேருக்கு இத்தகைய நோய் ஒன்று இருந்தது. இத்தனை பேரும் நம்பிக்கையற்றவர்கள் என்று கொள்வது, நீரிழிவு உள்ளவர்கள் அனைவரும் பக்தியற்றவர்கள் என்று கொள்வதற்கு ஒப்பாகும்.

பரம்பரை இயல்பு ஓரளவு காரணமாகிறது. இளமையில் நேர்ந்த துன்பங்கள், நீண்டகால நெருக்கடி, இழப்பு ஆகியவையும் காரணமாகின்றன. பெண்களிடம் இது ஆண்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. செய்வினை, பார்வை தோஷம் என்று தேடி அலைவதில் பணமும் காலமும் கரைகின்றனவே அன்றி வேறு பயனில்லை.

ஓடுவதால் வளரும் அச்சம்

மும்பை காட்கோபரில் வசித்து, தாதரில் ஒரு பள்ளியில் பணிபுரியும் ஆசிரியை ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் தனி ஒருவர் அல்லர். இந்நோயின் வழக்கமான போக்கை விளக்க வரையப்பட்ட உருவம். ஒரு நாள் காலை மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில், குர்லாவில் கூட்டம் ஏறிய சமயம், அவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. மூச்சு முட்டுகிறது. இதோ உயிர் போகிறது என்ற திகில் எழுகிறது. அடுத்த நிலையத்தில் இறங்கி, பெஞ்சில் அமர்கிறார். சில நிமிடங்களில் எல்லாம் தணிந்துவிடுகிறது. மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுக்கின்றனர், இரத்தப் பரிசோதனை செய்கின்றனர், தைராய்டையும் பார்க்கின்றனர். எல்லாம் சரியாகவே இருக்கின்றன. “உங்களுக்கு ஒன்றுமில்லை, அம்மா” என்று அனுப்பிவிடுகின்றனர். (முதல் முறை இவ்வாறு நேரும்போது இதயத்தையும் தைராய்டையும் பரிசோதித்துக்கொள்வது மிக அவசியம், பதற்றம்தானே என்று தாமே முடிவு கட்டிவிடக் கூடாது.)

ஒன்றுமில்லை என்பது இதயத்தைப் பொறுத்தவரை உண்மை. அவரைப் பொறுத்தவரை உண்மையன்று. மறுநாள் ரயிலை நினைத்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பேருந்தில் செல்கிறார். அதிலும் ஒரு நாள் தலை சுற்ற, கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். பிறகு கடைத்தெரு நின்றுபோகிறது. உறவினர் திருமணங்கள் நின்றுபோகின்றன. கைப்பையில் தண்ணீர்ப் புட்டி, விபூதிப் பொட்டலம், மருத்துவமனைத் தொலைபேசி எண் ஆகியவை இல்லாமல் வாசற்படி தாண்டுவதில்லை. இறுதியில், பல ஆண்டுகளாகத் தவறாமல் சென்றுவந்த மாலை ஆரதிக்கும் போவதில்லை. மண்டபத்தில் கூட்டம், கதவும் சாத்தியிருக்கும். பக்தி குறைந்துவிட்டதோ என்று உடன் பாடுபவர்கள் ஐயுறுகின்றனர். அவரும் அவ்வாறே எண்ணிக்கொள்கிறார்.

அவர் செய்ததில் எதுவும் அறிவுக்குப் பொருந்தாததன்று. சுட்ட அடுப்பிலிருந்து கையை எடுப்பது இயல்புதானே? ஆனால் இந்நோயின் முடிச்சு இங்கேதான் உள்ளது. ஒவ்வொரு முறை விலகும்போதும் உடனடியாக ஓர் ஆறுதல் கிடைக்கிறது. அந்த ஆறுதலே, விலகியதால்தான் பிழைத்தோம் என்று மூளைக்குக் கற்பிக்கிறது. ரயிலில் அமர்ந்தே இருந்திருந்தாலும் அந்தப் படபடப்பு தானே தணிந்திருக்கும் என்பதை அறிந்துகொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பதே இல்லை. அச்சம் ஒரு கடன்காரனைப் போன்றது. இன்று கொடுத்தனுப்பினால் நாளை இன்னும் அதிகம் கேட்டு வருவான்.

சுவாமி விவேகானந்தர் பரிவ்ராஜகராகக் காசியில் இருந்தபோது நிகழ்ந்த சம்பவத்தை அறியாத அன்பர்கள் இருக்க முடியாது. துர்க்கை கோயிலிலிருந்து திரும்பும் வழியில், ஒரு பக்கம் குளமும் மறுபக்கம் உயர்ந்த மதிலுமாக இருந்த பாதையில் குரங்குகள் அவரைத் துரத்தின. ஓட ஓட அவையும் விரைந்தன. அப்போது முதிய சந்நியாசி ஒருவர், ஓடாமல் திரும்பி நின்று எதிர்கொள்ளுமாறு உரக்கக் கூவினார். சுவாமிஜி திரும்பி நின்றார், குரங்குகள் பின்வாங்கின. பின்னாளில் மேலைநாட்டுச் சொற்பொழிவு ஒன்றில் சுவாமிஜியே இதை எடுத்துரைத்தார்.

இச்சம்பவம் மேடைகளில் கூறப்படும்போது இரண்டு செய்திகள் விடுபட்டுப் போகின்றன. ஒன்று, சுவாமிஜியும் முதலில் ஓடினார் என்பது. மற்றொன்று, அந்த முதிய சந்நியாசி அங்கே இருந்தார் என்பது. குரங்குகளின் இயல்பை அறிந்த ஒருவர் தக்க தருணத்தில் வழிகாட்டியதால்தான் திரும்பி நிற்க முடிந்தது. பதற்ற நோய்க்கு இன்று அளிக்கப்படும் உளவியல் சிகிச்சையில் சிகிச்சையாளரின் இடம் ஏறக்குறைய அதுவே.

சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது?

சிந்தனை–நடத்தை சிகிச்சை என்று அழைக்கப்படும் முறையே இந்நோய்களுக்கு மிக நன்றாகச் சோதித்தறியப்பட்ட உளவியல் சிகிச்சை. இதன் வேர்கள் பல. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அறிஞர், முயலைக் கண்டு அஞ்சிய ஒரு குழந்தையை, அது விரும்பி உண்ணும் வேளையில் முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து அச்சம் நீக்கிய விதத்தை வெளியிட்டார். ஜோசப் வோல்பே 1958-இல் படிப்படியாக அச்சத்தை எதிர்கொள்ளும் முறையை நூலாக்கினார். ஆரன் பெக் 1960-களில், துன்புறுத்தும் எண்ணங்களை ஆராயும் முறையை வகுத்தார். இவை பின்னர் ஒன்றிணைந்தன. பொதுவாக வாரம் ஒரு முறையாக மூன்று, நான்கு மாதங்கள் இது நடைபெறும்.

அந்த ஆசிரியைக்கு முதலில் கிடைப்பது அறிவு. படபடப்பும் மரத்துப்போதலும் எதனால் ஏற்படுகின்றன, அவை ஏன் உயிரைப் போக்குவதில்லை என்பதைச் சிகிச்சையாளர் விளக்குகிறார். அடுத்து, அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறார்: எந்த இடத்தில், என்ன உணர்வு, அப்போது எழுந்த எண்ணம் என்ன, உண்மையில் நிகழ்ந்தது என்ன? “மயங்கி விழுவேன்” என்று இருபது முறை எழுதியிருக்கிறார். ஒரு முறையும் விழவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்து அவரே சிரித்துவிடக்கூடும். எண்ணத்தைச் சாட்சியாக நின்று பார்த்து, இது உண்மையா என்று வினவுவது வேதாந்த மாணவனுக்குப் புதிதன்று. ஆயினும் பென்சிலும் காகிதமுமாக அதைச் செய்யும் பழக்கம் பலருக்குப் புதிது.

அதன்பின் ஏணி. சிகிச்சையாளரின் அறையிலேயே, நாற்காலியில் சுழன்றும், வேகமாக மூச்சுவிட்டும், மாடிப்படி ஏறியும் படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்து, அது தானே தணிவதைக் காண்கிறார். ஒரு வாரம் காட்கோபர் நடைமேடையில் நின்று ரயில்களைப் பார்த்துவிட்டு வருகிறார். பின்னர் கூட்டமில்லாத பிற்பகலில் வித்யாவிஹார் வரை ஒரே ஒரு நிலையம். பின்னர் குர்லா. அச்சம் எழுகிறது, இறங்கிவிடாமல் அமர்ந்திருக்கிறார், அது ஏறி, நின்று, இறங்குகிறது. ஒரு படியில் நன்கு ஊன்றிய பிறகே அடுத்த படி. சில நாட்களில் முடியாமல் திரும்பிவிடுவதும் உண்டு. அதையும் நோட்டில் எழுதிவிட்டு மறுநாள் மீண்டும் செல்கிறார். தண்ணீர்ப் புட்டி முதலில் வீட்டில் தங்குகிறது, பின்னர் தொலைபேசி எண்.

மருந்தைப் பற்றிய தயக்கம் அன்பர்களிடையே மிகுதி. ஆகவே அதைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற மருந்துகள் மூளையில் செரோடோனின் என்னும் வேதிப்பொருள் செயல்படும் விதத்தைச் சீர்செய்கின்றன. இவை மயக்க மருந்துகள் அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். தொடக்க நாட்களில் குமட்டலோ, பதற்றம் சற்று கூடியது போன்ற உணர்வோ தோன்றக்கூடும். பலர் இந்த இடத்தில்தான் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துவது இதற்காகவே. குணம் தெரிந்த பிறகும் பல மாதங்கள், பெரும்பாலும் ஆறு மாதங்கள் முதல் ஓராண்டு வரை தொடரச் சொல்வார். நிறுத்தும்போதும் படிப்படியாகவே குறைப்பார். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் முதலியவை வரும்.

அல்ப்ரஸோலம், குளோனஸெபாம் போன்றவை வேறு வகை. இவ்வகையின் முதல் மருந்து 1960-இல் விற்பனைக்கு வந்தது. உண்ட சிறிது நேரத்தில் அமைதி கிடைப்பதால் இவை மக்களிடம் விரைவில் செல்வாக்குப் பெற்றன. நெருக்கடியில் சில நாட்களுக்கு இவை உதவும். ஆனால் வாரக்கணக்கில் தொடர்ந்தால் உடல் இவற்றிற்கு அடிமையாகலாம், நினைவு மங்கலாம், முதியோர் தடுமாறி விழலாம். என்றோ எழுதிய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்போர் நம் நாட்டில் பலர் உள்ளனர். மாத்திரையே வேண்டாம் என்று மறுப்பவரும், இந்த மாத்திரை இல்லாமல் முடியாது என்பவரும் ஒரே குடும்பத்தில் இருப்பதும் உண்டு! இருவரும் செல்ல வேண்டிய இடம் மனநல மருத்துவரிடமே. நெடுநாள் உண்டவர்கள் இதைத் தாமாக ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தானது; வலிப்பும் வரக்கூடும்.

ஜபமும் தியானமும் எந்த இடத்தில்?

இங்கே உண்மையைக் கூட்டியோ குறைத்தோ கூறாதிருப்பது நன்று. தியானம் பயனளிப்பதில்லை என்பது தவறு. 2022-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பதற்ற நோய் உள்ள 276 பேரில் ஒரு பகுதியினருக்கு எஸ்சிட்டலோப்ராமும், மற்றவர்களுக்கு மூச்சையும் உடலையும் விழிப்புடன் கவனிக்கும் எட்டு வாரப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. பயிற்சி பெற்றோர் மருந்துண்டோருக்குக் குறையாமல் தேறினர். ஆனால் அது பயிற்றுநரிடம் வாரந்தோறும் சென்று, வீட்டிலும் நாள்தோறும் முக்கால் மணி நேரம் செய்த பயிற்சி. நினைத்தபோது கண்மூடி அமர்ந்ததன்று. 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வு பொதுப் பதற்ற நோயுள்ள 226 பேரிடம் நடத்தப்பட்டது. சிந்தனை–நடத்தை சிகிச்சை பெற்றோரில் சுமார் 71 சதவீதத்தினரும், குண்டலினி யோகப் பயிற்சி பெற்றோரில் சுமார் 54 சதவீதத்தினரும், மன அழுத்தம் பற்றிய பொதுவான போதனை மட்டும் பெற்றோரில் 33 சதவீதத்தினரும் தேறினர். யோகம் உதவியது, ஆனால் சிகிச்சைக்கு ஈடாகவில்லை. யோகத்தை நேசிப்பவர்கள் இந்த எண்களைக் கண்டு வருந்த வேண்டியதில்லை. யோகம் நோய்மருந்தாக இயற்றப்பட்டதன்று.

பதஞ்சலி மகரிஷியே இதற்குச் சான்று. யோகத்திற்கு இடையூறுகளை அவர் எண்ணும்போது முதலாவதாக வைப்பது வியாதியை. அடுத்த சூத்திரத்தில், சிதறிய மனத்தோடு உடன்வருபவையாக மனச்சோர்வையும், உடல் நடுக்கத்தையும், ஒழுங்கற்ற மூச்சையும் குறிப்பிடுகிறார். நோயை முதலில் கவனி என்பதே இதன் உட்பொருள் அன்றோ?

மேலும் ஒரு நுட்பமான அபாயம் உண்டு. அந்த ஆசிரியை ரயிலில் செல்லத் தொடங்கியபோது, ஜபமாலையை இறுகப் பற்றிக்கொண்டு, படபடப்பு எழும்போதெல்லாம் அதை அடக்குவதற்காக அவசர அவசரமாக மந்திரம் உருட்டினார் என்று கொள்வோம். பயணம் நல்லபடியாக முடியும். ஆனால் மனம் கற்பது, மாலை இருந்ததால் பிழைத்தேன் என்பதையே. மாலையை மறந்து வந்த நாளில் திகில் இரட்டிப்பாகும். விபூதிப் பொட்டலமும் தண்ணீர்ப் புட்டியும் செய்த வேலையை இப்போது இறைநாமம் செய்கிறது. பண்பட்ட சிகிச்சையாளர் ஜபத்தைக் கைவிடச் சொல்ல மாட்டார். அதன் இடத்தை மாற்றச் சொல்வார். காலையில் பூஜையறையில், எதையும் விரட்டுவதற்காக அன்றி, இஷ்ட தெய்வத்திற்குச் சமர்ப்பணமாக ஜபம் நடைபெறட்டும். ரயிலில் நெஞ்சு அடித்துக்கொண்டால் அடித்துக்கொள்ளட்டும். பக்தி சாஸ்திரமும் இதையே விரும்பும். அச்சத்தை விரட்டும் கருவியாக மட்டும் பயன்படும் நாமம், அச்சம் வராத நாளில் மறக்கப்படும்.

இதே காரணத்தால், “எனக்கு ஒன்றும் ஆகாதல்லவா?” என்று ஒரே கேள்வியைக் குருநாதரிடமோ, மூத்த அன்பரிடமோ, கணவரிடமோ நாளுக்குப் பலமுறை கேட்டு உறுதி பெறுவதும் நோயை வளர்க்கும். அந்த உறுதி ஒரு மணி நேரம்கூட நிலைப்பதில்லை. வீட்டார் கடிந்துகொள்ளவும் வேண்டாம், ஒவ்வொரு முறையும் சத்தியம் செய்யவும் வேண்டாம். “இது அந்தப் படபடப்புதான், அல்லவா? நான் உடன் இருக்கிறேன், அது தணியும்வரை இருவரும் இங்கேயே அமர்ந்திருப்போம்” என்று கூறி அருகில் இருந்தால் போதுமானது. அவருக்காகக் கடைக்கும் வங்கிக்கும் தாமே சென்று எல்லாவற்றையும் முடித்துவிடுவது அன்பாகத் தோன்றினாலும், ஏணியை எடுத்துவிடுவதாகும்.

கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்வீகக் குணங்களை எண்ணும்போது அபயத்தை முதலில் வைக்கிறது. இதைப் படிக்கும் நோயாளி, வரிசையின் முதல் தேர்விலேயே தோற்றுவிட்டதாக வருந்தக் கூடும். அபயம் என்பது இதயம் படபடக்காமல் இருப்பதன்று. அட்ரினலின் ஞானிக்கும் சுரக்கும். உபநிடதம் கூறும் அபயம் ஆத்ம ஞானத்தின் பலன். யாக்ஞவல்கியர் ஜனகரிடம் நீண்ட உபதேசத்தின் இறுதியில்தான் அதைப் பற்றிப் பேசுகிறார். நடுங்கும் கால்களோடு ரயிலில் ஏறும் ஒருவர், எதற்கும் நடுங்காத ஒருவரைவிட அதற்கு அருகில் இருக்கக் கூடும்.

நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, பதற்றம், மனச்சோர்வு உள்ளிட்ட பொதுவான மனநோய்கள் உள்ளோரில் சுமார் 85 சதவீதத்தினர் சிகிச்சை பெறாதிருந்தனர். மருத்துவர்களின் பற்றாக்குறை ஒரு காரணம். வெட்கம் மற்றொரு காரணம். 2018 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது. உடல்நோய்களுக்கு நிகராக மனநோய்களுக்கும் காப்பீடு அளிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. 2022 அக்டோபர் 10-ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும், தமிழ் உட்படப் பல மொழிகளில், கட்டணமின்றி அழைக்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் மனநலப் பிரிவு உள்ளது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

சாதனை முகாம்களுக்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பல நாட்கள் மௌனமாக, நெடுநேரம் கண்மூடி அமர்வது, பதற்ற நோய் உள்ள சிலருக்கு அதை அதிகப்படுத்தக்கூடும். ஆகவே விண்ணப்பிக்கும்போதே முகாமை நடத்துபவரிடம் நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் மறைக்காமல் கூறிவிட வேண்டும். மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். நடத்துபவர்கள் அவருக்கு நெடுநேரத் தியானத்திற்கு மாற்றாக நடைப்பயிற்சியோ, சமையற்கூடத்திலும் தோட்டத்திலும் சேவையோ, சேர்ந்து பாடும் பஜனையோ அளிக்கலாம். மாலை பஜனையில் கதவருகே ஓர் இருக்கையை அவருக்கென்று ஒதுக்கி, தேவைப்பட்டால் எழுந்து சென்றுவிட்டுத் திரும்பி வரலாம் என்று முன்னரே சொல்லிவைக்கலாம். ஆசிரமத்தின் தூய சூழலில் மருந்து எதற்கு என்று எண்ணி, மாத்திரைப் பட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவோர் இன்றும் இருக்கின்றனர். ஜபமாலையோடு அதையும் பையில் வைத்துக்கொண்டு வர வேண்டும்.